பதினோராம் பிரிவை எழுதியவள்

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் அரசியல் விஞ்ஞான ஆசிரியர்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இப்படிக் கேட்பவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் படித்த எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள், யார் யார் இன்று பெரிய கதிரைகளில் இருக்கிறார்கள், இந்தத் தொழில் எவ்வளவு புனிதமானது. அதெல்லாம் என் பிரியாவிடை மலரில் இருக்கிறது. மற்றவர்கள் எழுதியது. வாசித்தபோது செத்துப்போன ஒருத்தியைப் பற்றி எழுதியிருப்பது போல இருந்தது. நான் இங்கே எழுதப் போவது அந்த மலருக்குள் வராதவை.

முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தேன், எல்லாம் யாழ்ப்பாண நகரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில். உங்களுக்கும் அந்த அலகு வரும்: அமெரிக்க யாப்பின், அதாவது அரசியலமைப்பின், வரலாற்றுப் பின்னணி. குறிப்பு எப்படிப் போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நீங்களும் என்னைப் போன்ற ஒருத்தி சொல்லச் சொல்ல எழுதித்தான் சித்தியடைந்து வந்திருக்கிறீர்கள். முதலில் இங்கிலாந்து. ஆற்றங்கரைப் புல்வெளியில் பிரபுக்கள் அரசனை நெருக்கி மகா பட்டயத்தில் முத்திரை வைக்கச் செய்தது. முறையான தீர்ப்பு இல்லாமல் ஒரு சுதந்திர மனிதனைப் பிடிக்கவோ, அவனுடைய இடத்திலிருந்து எழுப்பவோ கூடாது என்று அதில் இருக்கிறது. பிறகு, கப்பலில் போனவர்கள் கரை இறங்க முதல் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை. பிறகு குடியேற்றங்களின் பட்டயங்கள், ஆளுநர்களோடு இழுபறி, அரசனுக்கு எதிரான முறைப்பாட்டுப் பட்டியல், சுதந்திரம், கடைசியில் கதவை மூடிக்கொண்டு ஒரு மண்டபத்தில் இருந்து எழுதிய யாப்பு. நான் இதை நித்திரையிலும் சொல்லுவேன். பல நாட்கள் நித்திரையில்தான் சொல்லியும் இருக்கிறேன், வகுப்பில் நின்றபடி.

விடைத்தாள் திருத்தும் பணிக்கு முதன்முதலாகப் போன வருடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு பாடசாலை மண்டபத்தில் வாங்குகளைப் போட்டு எங்களைக் குழு குழுவாக இருத்தியிருந்தார்கள். எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் நல்ல மனிதர், கெட்டிக்காரர். முதல் நாளே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பிள்ளை என்ன நினைச்சிருக்கும் எண்டு நீங்கள் யோசிக்கத் தேவையில்லை. நினைப்புக்குப் புள்ளி இல்லை. எழுதினதுக்குத்தான் புள்ளி."

இரண்டாம் நாள் ஒரு விடைத்தாள் வந்தது. அமெரிக்க யாப்பின் வேர்களைக் கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளை புள்ளித் திட்டத்தில் இருந்த எதையும் எழுதவில்லை. அரசன் ஒரு வியாபாரக் கம்பனிக்குப் பட்டயம் கொடுத்தான், கம்பனிக்காரர் அந்தப் பத்திரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போனார்கள், அந்தக் கம்பனியின் பொதுக்கூட்டமே அங்கே மெல்ல மெல்லச் சட்டசபையாக மாறியது, ஆகவே சங்கங்களின் விதிகளை அற்பமாக நினைக்கக் கூடாது. இவ்வளவும்தான், அரைப் பக்கம். நான் பூச்சியம் போட்டேன். பொறுப்பாளரிடம் காட்டினேன், அவர் என் நிதானத்தைப் பாராட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

பல வருடம் கழித்து நூல்நிலையத்தில் எதையோ தேடும்போது அதே விஷயத்தை வாசித்தேன். அந்தப் பிள்ளை எழுதியது சரி. நான் அதுவரை அறியாத ஒரு விஷயத்தை அது எங்கேயோ தேடிப் படித்து, விளங்கி, சொந்தமாக எழுதியிருக்கிறது. அதற்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பெயர் தெரியாத பிள்ளைக்குச் செய்த அநியாயம் லேசில் மறந்துபோகும், எனக்கும் மறந்துபோனது. ஆனால் "எழுதினதுக்குத்தான் புள்ளி" என்ற அந்த வசனம் மட்டும் என் எலும்புக்குள் போய் இருந்துகொண்டது. அதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

இனி ஜெசிந்தா. குருநகரிலிருந்து வந்து என்னிடம் உயர்தரம் படித்தவள். தாய் அங்கே மீன் விற்றார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பாதி நாட்கள் பாடம் இல்லை, இருக்கிற நாட்களில் அலகுகளை ஓடி ஓடி முடிக்க வேண்டும். அன்று பாடத்தில், கதவை மூடிக்கொண்டு யாப்பு எழுதிய மண்டபம் வரை நான் வந்திருந்தேன். அரசனோடு சண்டை பிடித்த அனுபவத்தால் அந்த மக்களுக்குத் தனி ஒருவரின் அதிகாரம் என்றாலே பயம். ஆனாலும் சனாதிபதி என்று ஒருவருக்கு இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஏன்? போரை வென்ற தளபதியே அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டு முன்னால் இருந்தார். முதல் சனாதிபதி அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவரைப் பார்த்துப் பார்த்தே எழுதினார்கள். இதை நான் ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகப் பார்த்தேன். ஜெசிந்தா எழும்பினாள்.

"ரீச்சர், அவரைப் பிடிக்காத ஆள் ஒருத்தரும் அந்த அறையிலை இருக்கேல்லையோ?"

"உது சோதினைக்கு வராது. இருந்து எழுது."

வகுப்பு சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு இருந்து எழுதினாள். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த அலகிலே என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. அதற்கு என் மறுமொழி அப்படி. அவளுக்கு நல்ல பெறுபேறு வந்தது, ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் போனது. கலியாணம் செய்தாள், தாய் தளர்ந்தபோது சந்தையில் தாய் மீன் வெட்டி விற்ற மேடையில் தானும் இருந்தாள். சந்தையில் என்னைக் கண்டால் எழும்பி நிற்பாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, "நல்ல விளைமீன் ரீச்சர், வெட்டித் தரட்டோ?" என்பாள்.

இந்தப் பாடத்தைப் படிப்பித்தால் ஊரில் இன்னொரு வேலையும் உங்கள் தலையில் விழும். கோயில் சபை, வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், மரண உதவிச் சங்கம், எல்லாவற்றுக்கும் விதிகளைத் தொகுத்து யாப்பு எழுதித் தரச் சொல்லி வருவார்கள். யாப்பு படிப்பிக்கிற ஆளுக்கு யாப்பு எழுதத் தெரியும்தானே என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. நானும் ஒரு மாதிரியை வைத்திருந்தேன், பெயரை மாற்றிப் பிரதி எடுத்துக் கொடுப்பேன். எத்தனை சங்கங்களுக்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. நீங்களும் கொடுக்கத் தொடங்கியிருப்பீர்கள்.

யுத்தம் முடிந்து சில வருடத்தில், சந்தையில் மீன் விற்கிற பிலோமினாக்கா என்னிடம் வந்தார். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், இந்தக் கதை முழுவதையும் வாசித்த பிறகும் நீங்கள் சொல்லக் கூடாது. மீன் விற்கிற பெண்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது சந்தையில் கூரை இல்லை, தண்ணீர் இல்லை, மேடைகள் உடைந்து கிடந்தன. நல்ல இடங்களை எல்லாம் பெரிய வியாபாரிகளின் ஆட்கள் பிடித்திருந்தார்கள். பிலோமினாக்கா அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நாட்கணக்காக இருந்து கூரையும் குழாயும் மேடையும் வாங்கினார். அடிக்க வந்தவர்களுக்கு முன்னால் மீன் வெட்டுகிற கத்தியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த மனுசி. பிறகு அவர்கள் அவரைத் தலைவியாக்கி ஒரு சங்கம் அமைத்தார்கள், அதற்கு யாப்பு வேண்டும் என்றுதான் வந்தார்.

"உங்களைவிட்டால் எங்களுக்கு ஆர் எழுதித் தருவினம் ரீச்சர்? ஆனா ஒண்டு. வியாபாரியளின்ரை ஆக்கள் அங்கத்தவர் மாதிரி உள்ளுக்கை பூரப் பாப்பினம். அப்பிடி ஆரும் வந்தால் கூட்டம் வைச்சு, வாக்கெடுத்து எண்டு மினைக்கெட ஏலாது. அண்டைக்கே எழுப்ப வேணும்."

அவர் சொன்னது நியாயம். முதல் தடவையாக நான் பழைய மாதிரியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினேன், விரும்பி எழுதினேன். பதினோராம் பிரிவு இப்படிப் போகும்: சங்கத்தின் ஒழுங்கைக் குலைக்கும் அங்கத்தவரைத் தலைவி இடைநிறுத்தி, அவருடைய மேடையை வேறொருவருக்கு வழங்கலாம். பொதுக்கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் தலைவிக்கே உரியது. எழுதி முடித்தபோது என் மனக்கண்ணில் வெயிலில் இருந்த பிலோமினாக்காதான் தெரிந்தார். விசாரணை என்ற சொல் எனக்கு நினைவுக்கே வரவில்லை. வருடா வருடம் மகா பட்டயத்தைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அந்தப் பிரதியை ஒருவரிடம் காட்டினேன். எனக்கு முதல் எங்கள் பள்ளிக்கூடத்தில் இதே பாடத்தைப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வலிகாமத்தில், அமெரிக்க மிஷனரிமாரின் காலத்துச் சிறிய கிறிஸ்தவ சபை ஒன்றுக்குக் காரியதரிசியாக இருந்தார். ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் வாயைத் திறந்தாலே கையைத் தூக்கி "ஒழுங்குப் பிரச்சினை" என்று கூட்ட விதியைக் காட்டி மறிப்பார். அதனால் அவருக்கு அதையே பட்டமாக வைத்திருந்தோம். அவர் இருக்கிற கூட்டம் நேரத்துக்கு முடியாது, எங்களுக்குப் பஸ் போய்விடும். அவரைக் கண்டாலே எல்லாருக்கும் அலுப்பு. நான் அவரிடம் போனது ஆலோசனைக்கு அல்ல, பாராட்டு வாங்க.

பத்துப் பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். பதினோராம் பிரிவில் விரலை வைத்தார்.

"இதிலை பிலோமினா எண்டு பேர் போடேல்லை."

"தலைவி எண்டுதானே சேர் எழுதுறது."

"ஓம். ஆனா நீங்கள் பிலோமினாவைப் பாத்துத்தான் எழுதியிருக்கிறியள். உங்களுக்குக் கண்ணிலை காட்டக் கூடாத ஆரையும் அந்தக் கதிரையிலை இருத்திப்போட்டு ஒருக்கா வாசியுங்கோ தங்கச்சி."

"மீன் விக்கிற பெண்டுகளின்ரை சங்கம் சேர். அமெரிக்காவே?"

"அமெரிக்கா வேறை எங்கை துவங்கினது? எங்கடை சபையைப் போலத்தான். பத்துப் பதினைஞ்சு குடும்பம் கூடி, இப்பிடி இப்பிடி நடப்பம் எண்டு கையெழுத்து வைச்சதுகள். பாதிரியாரை எழுப்பிக் கேள்வி கேட்டுப் பழகினதுகள்தான் பிறகு அரசனையும் கேட்டதுகள்."

எனக்குக் கோபம் வந்தது. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அவரைப் பற்றி என் சிநேகிதிக்குத் தொலைபேசியில் பகிடியாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. ஒரு எழுத்தும் மாற்றாமல் யாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இப்போது இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு அவர் மிச்சம் இல்லை.

சில வருடம் எல்லாம் நன்றாகவே போனது. சந்தை வாசலுக்குக் கிட்ட இருக்கிற மேடைகளில் மீன் முதலில் விற்றுப்போகும், உள்ளே இருப்பவர்கள் மத்தியானம் வரை ஈ கலைக்க வேண்டும். எந்த மேடை யாருக்கு என்று பிலோமினாக்கா தானே தீர்மானித்தார். விதவைகளுக்கு முதலிடம், நோய் வருத்தக்காரருக்கு அடுத்தது என்று தன் மனச்சாட்சிப்படி செய்தார். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. ஜெசிந்தாதான் முதலில் கதைத்தாள். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் சீட்டுக் குலுக்கி மேடை மாற்றுவோம், யாருக்கும் மனவருத்தம் வராது என்றாள். தன்னுடைய மேடையையும் குலுக்கலில் போடச் சம்மதித்தாள். அது வாசலுக்குக் கிட்ட இருந்தது, தாயின் காலத்து இடம். பிலோமினாக்கா மறுத்தார். ஜெசிந்தா பொதுக்கூட்டம் கேட்டாள். கூட்டம் கூட்டுவது தலைவி. பிறகு அவள் ஒரு மனு எழுதி, பெண்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கினாள். பிலோமினாக்கா பதினோராம் பிரிவின்படி அவளை இடைநிறுத்தி, மேடையை இன்னொருத்திக்குக் கொடுத்தார். கையெழுத்து வைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரை வெட்டிவிட்டுப் போனார்கள்.

ஜெசிந்தா அரியாலைக்கு என் வீடு தேடி வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"என்னை ஒரு சொல்லும் கேட்கேல்லை ரீச்சர். காலமை போறன், என்ரை மேடையிலை வேறை ஆள் இருந்து மீன் வெட்டுது. நான் பிழை எண்டால் பிழை எண்டு சொல்லட்டும். என்னைக் கூப்பிட்டு வைச்சுக் கேட்டுப்போட்டுச் சொல்லட்டும்."

"பிலோமினாக்கா கெட்டவ இல்லைப் பிள்ளை. கொஞ்சம் பொறு. நான் கதைக்கிறன்."

"அவ கெட்டவ எண்டு நான் ஒரு நாளும் சொல்லேல்லை ரீச்சர்."

பிலோமினாக்காவோடு கதைத்தேன். "அவளின்ரை தாயோடை பக்கத்து மேடையிலை இருந்து வித்தனான் ரீச்சர், அவளை எனக்குத் தெரியாதே? ரெண்டு மாதம் வெளியிலை நிண்டால் புத்தி வரும்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஜெசிந்தா விடவில்லை. சங்கங்களைப் பதிவு செய்கிற அரசாங்கக் கந்தோருக்கு முறைப்பாடு எழுதினாள். யாப்பை எழுதியவள் என்பதால் எனக்கும் அழைப்பு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. சிறிய அறை, கோப்புகளுக்கு நடுவில் ஒரு மேசை. உத்தியோகத்தர் இளம் பொடியன், மரியாதை தெரிந்தவர். மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள்தான் இருந்தன. ஒன்றில் என்னை இருத்தினார்கள், மற்றதில் கோயிலுக்குப் போகிற சேலையோடு பிலோமினாக்கா. ஜெசிந்தா அலுமாரிப் பக்கம் நின்றாள். மேசையில் அவளுடைய மனு கிடந்தது, நான் எட்டிப் பார்த்தேன். முதலில், உழைத்து வாழ்கிறவர்களுக்கு இருக்கிற உரிமை என்ன என்று நான்கு வரி. பிறகு, நடந்தவை ஒன்று ஒன்றாக ஒரு பட்டியல். பிறகு, இத்தனை தரம் பணிவாகக் கேட்டோம், பதில் வரவில்லை. கடைசியில் கோரிக்கை. அரசனுக்கு எதிரான முறைப்பாட்டுப் பட்டியல் எந்த ஒழுங்கில் போகும் என்று நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேனோ, அதே ஒழுங்கு. உரிமை, முறைப்பாடு, முடிவு. தலைப்புக்குக் கீழே கோடு போடச் சொல்லியிருந்தேன், அதையும் போட்டிருந்தாள். என்னிடம் படித்த ஆயிரக்கணக்கானவர்களில், படித்ததை எடுத்துப் பாவித்தவள் இவள் ஒருத்தி.

உத்தியோகத்தர் யாப்பைப் புரட்டி, என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ரீச்சர், பதினோராம் பிரிவிலை 'இடைநிறுத்தலாம்' எண்டு இருக்கு. ஆளைக் கூப்பிட்டு விசாரிச்சுப்போட்டு எண்ட கருத்திலைதானே எழுதினீங்கள்? நீங்கள் ஓம் எண்டால் நான் இதைத் திருப்பி விசாரணைக்கு அனுப்பலாம்."

அவர் எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது போல இருந்தது. நான் நுழைய வேண்டியதுதான். பிலோமினாக்கா என் கையைத் தட்டினார்.

"ரீச்சரின்ரை எழுத்திலை பிழை வருமே தம்பி? அவ எல்லாம் யோசிச்சுத்தான் எழுதினவ."

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. அவர் என்னை மிரட்டவில்லை. என்னைப் பற்றி உண்மையாகவே பெருமைப்பட்டார். ஓம் என்று சொன்னால் எழுத மறந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவும் என்னைவிட இருபத்தைந்து வயது குறைந்த ஒரு பொடியனுக்கு முன்னால். நானோ விடைத்தாள் திருத்துகிறவள். என் வாய் தானாகத் திறந்தது.

"கருத்தைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லைத் தம்பி. எழுதினதைத்தான் வாசிக்க வேணும். எழுதினதிலை விசாரணை எண்டு இல்லை."

அவர் கோப்பில் ஏதோ எழுதி மூடினார். ஜெசிந்தா மனுவின் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் அழுதிருந்தால் நான் சொன்னதை மாற்றியிருப்பேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மாற்றியிருக்க மாட்டேன்.

அந்த வருடத்து ஆண்டு விழாவில் சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. நான் போய், இருந்து, போர்த்துக்கொண்டு வந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் மற்றது எல்லாம் சோடனை ஆகிவிடும். பிலோமினாக்கா அந்த யாப்பைப் பிரதி எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். நான் அறிய நாலைந்து சங்கங்களில் இன்று பதினோராம் பிரிவு இருக்கிறது, சொல்லுக்குச் சொல் என் எழுத்து.

அமெரிக்கர்களும் இதே பிழையை விட்டார்கள் என்று நான் ஆறுதல் தேடியதுண்டு. முன்னால் இருந்த நல்ல முகத்தைப் பார்த்து எழுதினார்கள், நானும் எழுதினேன். ஆனால் அவர்கள் எழுதிய பிறகு ஊர் ஊராக ஆட்கள் எழும்பி, குடிமக்களின் உரிமைகள் எங்கே, விசாரணை எங்கே என்று கேட்டார்கள். எழுதியவர்கள் முகத்தைச் சுழித்தாலும், கொஞ்சக் காலத்தில் திருத்தங்களைச் சேர்த்தார்கள். என்னிடமும் ஒருத்தி கேட்டாள். அங்கேதான் நானும் அவர்களும் பிரிகிறோம்.

ஜெசிந்தா சில மாதம் சந்தை வாசலில் வெயிலில் சட்டியை வைத்து விற்றுப் பார்த்தாள், சங்கம் அங்கேயும் விடவில்லை. தாயின் காலத்திலிருந்து வாங்கியவர்களும் உள்ளே போகப் பழகிவிட்டார்கள். இப்போது புருசனின் பழைய மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு சின்னத் தெருக்களில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிறாள். அரியாலைக்கும் வருகிறாள். எங்கள் ஒழுங்கையில் எல்லாப் படலையிலும் நிற்பாள், என் படலையில் நிற்க மாட்டாள்.

போன மாதம் நான் படலையைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றேன். கையில் பத்துப் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு மாதம் இருந்து புதிதாக எழுதிய யாப்பு. பதினோராம் பிரிவில் முன்னறிவித்தல், விசாரணை, தன் பக்கத்தைச் சொல்ல உரிமை, மேன்முறையீடு. அங்கத்தவரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். மிகவும் கவனமாக, கண்ணில் காட்டக் கூடாத ஒருத்தியைத் தலைவியின் கதிரையில் இருத்தி எழுதினேன். இந்த முறை அந்தக் கதிரையில் நானே இருந்தேன்.

அவள் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினாள். இறங்கவில்லை. கையைத் துடைத்துவிட்டுக் கடுதாசிகளை வாங்கிப் பதினோராம் பிரிவு வரை வாசித்தாள். அவள் வாசிக்கும்போது வகுப்பில் இருந்த மாதிரியே இருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கிறியள் ரீச்சர்."

"சங்கத்திலை குடுப்பம் ஜெசிந்தா. நான் வாறன். என்ரை பிழை எண்டு சொல்லுறன்."

"என்ரை மேடையிலை இப்ப இருக்கிறவளும் பாவம். அவளை எழுப்பிப்போட்டு நான் என்னெண்டு இருக்கிறது?" கடுதாசிகளை ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தாள். "அண்டைக்கு அந்தத் தம்பி கேட்டது ஒரு ஓம் தான் ரீச்சர். நீங்கள் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வந்து நிக்கிறியள்."

பிறகு பெட்டியைத் திறந்து, ஓரா மீன் இருக்கிறது, எடுக்கிறீர்களா என்று கேட்டாள். எடுத்தேன். மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே, கூட்டாமல் குறைக்காமல் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதுதான் என் பணி அனுபவம். நீங்கள் அந்த அலகை நன்றாகப் படிப்பிப்பீர்கள், என்னைவிட நன்றாகக்கூடப் படிப்பிப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என்றைக்காவது ஒரு கந்தோரில் உங்களையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். நீங்கள் கதிரையில் இருப்பீர்கள், உங்களிடம் படித்தவள் அலுமாரிப் பக்கம் நின்றுகொண்டிருப்பாள். இவ்வளவு காலம் திருத்திய விடைத்தாள்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் வாயைத் திறக்கும். அந்த நேரத்தில் நான் சொன்னது உங்களுக்கு நினைவு வருமோ தெரியாது. எனக்கு மகா பட்டயம் நினைவு வரவில்லை.